அம்மாவின் பால் கொழுக்கட்டை எனக்கு ஏன் வரவில்லை? தோட்டத்து இனிப்புப் பசியாறல் பற்றி ஒரு பேச்சு

லயத்துவீட்டுப்பெண் (சுங்கை சிப்புட்) | சனி, இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். ஓர் உதவி வேண்டும், கொஞ்சம் நீளமாகவே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து வெளியேறி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில் குடியேறியவர்கள். அம்மா இருந்தவரை, பள்ளி விடுமுறை விட்டால் அண்ணன்மார், அக்கா, பிள்ளைகள் எல்லாரும் எங்கள் வீட்டில்தான். ஞாயிறு காலை பசியாற எப்போதும் இனிப்புதான் இருக்கும். ஒரு வாரம் இடியாப்பம், தேங்காய்ப்பூ, சர்க்கரை. ஒரு வாரம் ராகிப் புட்டும் பீசாங் மாஸ் வாழைப்பழமும். ஆனால் எல்லாரும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவது பால் கொழுக்கட்டை. தேங்காய்ப் பால், குலா மலாக்கா என்கிற தென்னை வெல்லம், முடிச்சுப் போட்ட பாண்டான் இலை ஒன்று. அந்த வாசம் வந்ததும் பிள்ளைகள் தானாக எழுந்து வருவார்கள்.

அம்மா போய் 2 வருடம் ஆகிறது. போன வாரம் எல்லாரும் வந்திருந்தார்கள், நானே செய்து பார்த்தேன். அம்மா வாய்மொழியாகச் சொன்ன அளவு இதுதான்: 2 பால் டின் அரிசி மாவு, 1 தேங்காய், 1 குழல் குலா மலாக்கா, கைக் கணக்கில் கொஞ்சம் உப்பு. அதே மாதிரிதான் போட்டேன். பாதி உருண்டை கரைந்து பால் கூழாகிவிட்டது. கரையாத உருண்டையைக் கடித்தால் நடுவில் மாவு. இனிப்பும் ஏறவில்லை. யாரும் குறை சொல்லவில்லை, அண்ணன் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். ஆனால் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் போய் வாசலில் உட்கார்ந்துகொண்டார். எனக்கு அது தாங்கவில்லை.

அடுத்த விடுமுறைக்குள் இதைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெய்யுருண்டை (கூலிம்) | சனி, இரவு 9.42

தங்கச்சி, முதலில் இதைச் சொல்லு. மாவைப் பச்சைத் தண்ணீரில் பிசைந்தாயா, கொதிநீரிலா? உருண்டையைப் போடும்போது பால் தளதளவென்று கொதித்ததா, சும்மா சூடாக இருந்ததா?

இந்த இரண்டும்தான் உயிர். கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கிளறினால்தான் மாவு பாதி வெந்து ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் பிசைந்த உருண்டை பார்க்க அழகாக இருக்கும், பாலில் விழுந்ததும் விட்டுப்போகும். அப்புறம், உருண்டையைப் போட்டவுடன் கரண்டியை விடவே கூடாது. தானாக மேலே மிதந்து வரட்டும். வந்த பிறகு கரண்டியின் பின்பக்கத்தால் லேசாகத் தள்ளிவிட்டால் போதும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கொட்டினாலும் பாலின் சூடு இறங்கிவிடும். மூன்று நான்கு பிடியாகப் போடு.

தேங்காய்ப் பாலையும் பிரித்து வைத்துக்கொள். இரண்டாம் பால், மூன்றாம் பாலில்தான் உருண்டை வேக வேண்டும். முதல் பாலை அடுப்பை அணைத்த பிறகு ஊற்று. முதல் பாலைக் கொதிக்கவிட்டால் எண்ணெய் பிரிந்து திரிதிரியாகிவிடும்.

லயத்துவீட்டுப்பெண் | சனி, இரவு 10.05

அக்கா, கொதிநீரில்தான் பிசைந்தேன். ஆனால் கை சுடுமே என்று கொஞ்சம் ஆறவைத்து ஊற்றினேன். பாலும் நீங்கள் சொன்ன மாதிரி தளதளவென்று இல்லை, ஓரத்தில் நுரை வந்ததும் போட்டுவிட்டேன். பிள்ளைகள் பசி பசி என்று நின்றார்கள். மாவு கடையில் வாங்கிய பாக்கெட் மாவு. அம்மா அரிசியை ஊறவைத்து இடித்த ஈர மாவில் செய்வார்.

நெய்யுருண்டை | சனி, இரவு 10.11

அங்கேதான் நடுவில் மாவாக நின்றிருக்கிறது. பாக்கெட் மாவு காய்ந்த மாவு, தண்ணீர் நிறையக் குடிக்கும். ஈர மாவுக்குத் தெளித்த அளவு இதற்குப் போதாது. தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு மரக்கரண்டியால் கிளறு, ஈரத்துணி போட்டு 10 நிமிடம் மூடி வை, அப்புறம் கையில் நெய் தடவிப் பிசை. காது மடல் மாதிரி மெத்தென்று இருக்க வேண்டும்.

பாண்டான்வாசம் (குளுவாங்) | ஞாயிறு, காலை 7.20

காலையில் இதைப் படித்துவிட்டு வெறும் ரொட்டியும் காயாவும் சாப்பிடுகிறேன். எங்கள் பாட்டி வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. தொடருங்கள் அக்கா.

பெரட்டுமணி (தெலுக் இந்தான்) | ஞாயிறு, காலை 8.35

மகளே, வணக்கம். எனக்கு வயது 74. பிறந்தது, வளர்ந்தது, ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டியது எல்லாம் தோட்டத்தில்தான்.

நீங்கள் எழுதியதில் எனக்கு ஒரு வரி உறுத்தியது. "2 பால் டின்." எந்தப் பால் டின்?

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அளவு என்றாலே பால் டின்தான். அரிசி, பருப்பு, சர்க்கரை, மண்ணெண்ணெய்கூட அதில்தான். பக்கத்து வீட்டில் கடன் வாங்கினால் ஒரு டின், திருப்பிக் கொடுக்கும்போது தலைதட்டாமல் ஒரு டின். அந்தக் காலத்துக் கெட்டிப் பால் டின் 14 அவுன்ஸ், அதாவது 397 கிராம் பால் பிடிப்பது. நான்கு டின் அரிசி போட்டால் ஏறக்குறைய 1 கிலோ வரும். இன்று கடையில் கிடைக்கிற டின்னை எடுத்துப் பாருங்கள், பலவற்றில் 500 கிராம் என்று போட்டிருக்கும். மாவு, பால், வெல்லம் எல்லாவற்றையும் ஒரே டின்னில் அளந்தால் பாதகமில்லை. ஆனால் உங்கள் அம்மா மாவை மட்டும் டின்னில் அளந்து, தேங்காயையும் குலா மலாக்காவையும் எண்ணிக்கையில் போட்டிருக்கிறார். நீங்கள் பெரிய டின்னில் மாவு எடுத்து, அதே ஒரு தேங்காய், அதே ஒரு குழல் போட்டால் பால் கூழாகாமல் என்ன செய்யும்? இனிப்பு எப்படி ஏறும்?

அம்மா அளந்த டின் வீட்டில் இன்னும் இருக்கிறதா என்று அரிசி டப்பாவுக்குள் பாருங்கள். எங்கள் வீட்டில் அங்கேதான் கிடக்கும்.

லயத்துவீட்டுப்பெண் | ஞாயிறு, காலை 9.02

ஐயா, இருக்கிறது!! அரிசி டப்பாவின் அடியில் கிடந்தது. விளிம்பைச் சுத்தியலால் தட்டி மழுங்கடித்திருக்கிறார், பிள்ளைகள் கையைக் கிழித்துக்கொள்ளக்கூடாது என்று. தண்ணீர் ஊற்றி அளந்தேன். சரியாக 300 மில்லி. நான் மாவு அளந்த புது டின்னில் 380 மில்லிக்குக் கொஞ்சம் கூட. கால் பங்கு மாவை அதிகமாகப் போட்டிருக்கிறேன்.

இதை எழுதும்போது கை நடுங்குகிறது. இத்தனை நாள் அந்த டின்னைக் கையில் எடுத்து அரிசி அளந்துகொண்டுதான் இருந்தேன். மாவுக்கு மட்டும் ஏன் புதியதை எடுத்தேன் என்று தெரியவில்லை.

பெரட்டுமணி | ஞாயிறு, காலை 9.40

நல்லது மகளே. பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனிப்புப் பசியாறல் என்று தலைப்பு வைத்திருக்கிறீர்கள், அதனால் பழைய கதை கொஞ்சம் சொல்கிறேன். இளம்பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

வேலை நாளில் இதெல்லாம் கிடையாது. விடிவதற்கு முன்பே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்க, மணி அடித்துவிடும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், ஆகவே இருட்டோடு மரத்துக்குப் போக வேண்டும். வரக்கோப்பி ஒரு போத்தல், முந்தின நாள் ரொட்டி. அவ்வளவுதான். இனிப்பு என்பது ஓய்வு நாள் காலை சமாச்சாரம். சனிக்கிழமை மதியமே அரிசி ஊறப்போடுவார்கள். லயத்துக்கு ஓர் உரல், ஒன்பது வீட்டுக்கும் அது போதும். உலக்கை இரண்டு பேர் மாற்றி மாற்றிப் போட, மூன்றாவது பெண் சல்லடையோடு உட்கார்ந்திருப்பாள். என் அம்மா இடித்த மாவில் யார் வீட்டு அரிசி எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் செய்ததும் எல்லா வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போகும்.

எங்கள் தாத்தா காலத்தில், ஜப்பான்காரன் ஆட்சியில் அரிசியே கண்ணில் படாது. மரவள்ளிக்கிழங்கை வேகவைத்து, மசித்து, தேங்காய்ப்பூ போட்டு, இருந்தால் ஒரு துண்டு வெல்லம். அதுதான் தீபாவளிப் பலகாரம் என்று சொல்லியிருக்கிறார். அப்புறம் 1948-இல் கம்யூனிஸ்டுகளை அடக்க அவசரகாலம் வந்தது. உங்கள் சுங்கை சிப்புட் பக்கத்தில்தான் அதற்குத் தீப்பொறி விழுந்தது. சாப்பாட்டை வேலைக்காட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது என்று கட்டுப்பாடு வந்ததை என் அப்பா சொல்லுவார். கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடும் என்ற பயம். வீட்டில் ஆக்கியதை வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். நடுவில் ஒன்றும் சாப்பிடாமல் மரம் வெட்டிவிட்டு வந்தவர்களுக்கு ஒரு கிண்ணம் இனிப்புக் கஞ்சி என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள்.

பிற்பாடு தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தொழிலாளர் பணத்திலேயே தோட்டங்களை வாங்கிக் காப்பாற்றினார். எங்கள் தோட்டத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ரப்பர் போய் எண்ணெய்ப் பனை வந்தது, லயம் இடிந்தது. உரலை யார் எடுத்துப்போனார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்பச்சட்டி (பெஸ்தாரி ஜெயா) | ஞாயிறு, பிற்பகல் 2.15

ஐயா எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

எங்கள் ஊர் பழைய பத்தாங் பெர்ஜுந்தை, 2007-இல்தான் பெயர் மாறியது. எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் பாலப்பம். பாட்டி காலத்தில் மாவு புளிக்கத் தோட்டத்துக் கள்ளுக்கடையிலிருந்து ஒரு சின்னக் கிண்ணம் கள் வாங்கி ஊற்றுவார்களாம். நான் தேங்காய்த் தண்ணீரில் ஒரு கரண்டி சர்க்கரை போட்டு இரவு முழுக்க மூடி வைத்து, மறுநாள் அதில் பச்சரிசி மாவைக் கரைக்கிறேன். ஒரு பிடி சோறும் சேர்த்து அரைத்தால் நடுவில் மெத்தென்று வரும். இங்கே சூடு அதிகம், 6 மணி நேரத்திலேயே பொங்கிவிடும். அதற்கு மேல் விட்டால் புளிப்பு தூக்கலாகி, இனிப்புப் பாலோடு ஒட்டாது. மேலே ஊற்றுகிற தேங்காய்ப் பாலில் ஒரு சிட்டிகை உப்பு கட்டாயம்.

எனக்கு ஒரு கேள்வி. குலா மலாக்கா இப்போது எங்கே நல்லதாகக் கிடைக்கிறது? போன மாதம் சந்தையில் வாங்கினேன், உருக்கினால் வெறும் சீனி வாசம்.

கம்போங்கைப்பக்குவம் (மலாக்கா) | ஞாயிறு, மாலை 5.50

இதற்கு நான் பதில் சொல்லலாம், மலாக்காக்காரி என்ற உரிமையில்.

அசல் குலா மலாக்கா தென்னம்பாளையைச் சீவி இறக்குகிற பதநீரை மணிக்கணக்கில் காய்ச்சி மூங்கில் குழாயில் ஊற்றி எடுப்பது. அதனால்தான் குழல் வடிவம். பாளை சீவ மரம் ஏற ஆள் குறைந்துவிட்டது, விலையும் ஏறிவிட்டது. ஆகவே பதநீரோடு கரும்புச் சீனியைக் கலந்து காய்ச்சுவது பரவலாகிவிட்டது. முழுக்கச் சீனியும் நிறமும்கூட இருக்கிறது.

நான் பார்ப்பது இப்படி. விரலால் அழுத்தினால் அசல் கொஞ்சம் இடம் கொடுக்கும், ஓரம் உதிரும். கல் மாதிரிக் கெட்டியாக, பளபளவென்று, உடைத்தால் கண்ணாடிபோல் சில் சில்லாகப் போனால் சீனி அதிகம். நாக்கில் வைத்தால் அசலில் புகை வாசமும் லேசான உப்பும் தெரியும், வெறும் தித்திப்பு மட்டும் நிற்காது. நிறத்தை நம்பாதீர்கள், அசலே ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஒவ்வொரு நிறமாக வரும்.

எதுவாக இருந்தாலும் தண்ணீரில் உருக்கி வடிகட்டுங்கள். பாளைத் துணுக்கு, மணல் எல்லாம் இருக்கும். பாகை ஆறவைத்துப் பாலில் சேர்த்தால் பால் திரியாது.

தாதியக்கா (ஈப்போ) | ஞாயிறு, இரவு 8.30

நான் பேசப்போவது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். இருந்தாலும் பேசியாக வேண்டும், நான் தினமும் கிளினிக்கில் பார்க்கிற முகங்கள் அப்படி.

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நம் மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். நம் இந்தியர்களிடம் அது இன்னும் அதிகம். கால் புண்ணோடு வருகிற அத்தைமார் என்னிடம் சொல்வது: "சீனியை விட்டுவிட்டேன் மிஸ்ஸி, குலா மலாக்காதான் போடுகிறேன்." குலா மலாக்காவும் சர்க்கரைதான். வாசம் வேறு, சத்து ஏதோ துளி இருக்கலாம், ஆனால் இரத்தத்தில் ஏறுவது ஏறத்தான் செய்யும். அரிசி மாவும் அப்படியே.

செய்யாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. என் அம்மாவும் நீரிழிவுக்காரர். எங்கள் வீட்டில் இனிப்புப் பசியாறல் மாதம் ஒரு தடவை. அன்றைக்கு அம்மாவுக்குச் சின்னக் கிண்ணம், ஐந்தாறு உருண்டை, பாகு தனியாக ஒரு கரண்டி. அதற்கு முன்னால் வேகவைத்த பாசிப்பயறோ முட்டையோ சாப்பிட்டுவிடுவார். பாகைப் பாலோடு கலக்காமல் தனியாக மேசையில் வைத்துவிட்டால், யாருக்கு எவ்வளவு என்பது அவரவர் கையில் இருக்கும். மருந்து சாப்பிடுகிறவர்கள் தங்கள் டாக்டரிடம் கேட்டு அளவை முடிவுசெய்யுங்கள்.

நெய்யுருண்டை | ஞாயிறு, இரவு 9.05

தாதியக்கா சொல்வது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. பால் கொழுக்கட்டையில் பாகைத் தனியாக வைத்தால் உருண்டை உள்ளே இனிப்பு இழுக்காது. சப்பென்று இருக்கும். அதைவிட மொத்தத்தில் இனிப்பைக் குறைத்து, ஏலக்காயும் பாண்டானும் கூட்டலாம்.

வீட்டுப் பெரியவருக்கு மட்டும் வேறு கிண்ணம் கொடுத்து ஓரமாக உட்கார வைப்பதும் எனக்கு மனதுக்கு ஒவ்வாது. என் மாமனாருக்கு அப்படிச் செய்தோம். அவர் இரவில் எழுந்து நெய்யுருண்டை டப்பாவைத் திறந்துகொண்டார்.

தாதியக்கா | ஞாயிறு, இரவு 9.31

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஓரமாக உட்கார வைப்பது என் எண்ணமும் இல்லை. அப்படியானால் எல்லாருக்குமே சின்னக் கிண்ணம் வைத்துவிடுங்கள், பிள்ளைகளுக்கும் சேர்த்து. அடுத்த மாதம் நான் பாகைக் குறைத்து ஒன்றாகவே கலந்து பார்க்கிறேன், அம்மா என்ன சொல்கிறார் என்று எழுதுகிறேன்.

பாண்டான்வாசம் | திங்கள், மதியம் 1.10

எனக்கு ரொம்ப நாளாக ஒரு ஆச்சரியம். எங்கள் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி டிசம்பர் 21, 22 வாக்கில் தாங் யுவான் செய்து கொடுப்பார். பசையரிசி மாவு உருண்டை, இஞ்சியும் பாண்டானும் போட்ட சர்க்கரைத் தண்ணீரில் மிதக்கும். எதிர்வீட்டு மலாய் மக்சிக் ஒண்டே ஒண்டே கொடுப்பார். பச்சை உருண்டை, உள்ளே குலா மலாக்கா, மேலே தேங்காய்ப்பூ. கடித்தால் சட்டையில் தெறிக்கும். எங்கள் வீட்டிலிருந்து பால் கொழுக்கட்டை போகும். மூன்று வீட்டிலும் உருண்டை, மூன்று வீட்டிலும் பெண்கள் அதே மாதிரி உள்ளங்கையில் உருட்டுவார்கள்.

அம்மா ஒரு நாளும் கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தரமாட்டார். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார். மக்சிக் வீட்டுக்குப் போகும் பலகாரத்துக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி வைத்திருந்தார். அவர்கள் கேட்டதே இல்லை, அம்மாவாகவே வைத்துக்கொண்டார்.

லயத்துவீட்டுப்பெண் | அடுத்த ஞாயிறு, காலை 11.20

எல்லாருக்கும் நன்றி சொல்ல வந்தேன்.

இன்று அண்ணன் மட்டும் வேலையாக இந்தப் பக்கம் வந்திருந்தார், அதனால் விடுமுறைவரை காத்திருக்கவில்லை. அளவை எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

அம்மாவின் டின்னால் 2 டின் மாவு, தராசில் வைத்தால் 330 கிராம். கொதிநீர் 400 மில்லி, ஆனால் கடைசிக் கொஞ்சத்தை மாவைப் பார்த்துத்தான் ஊற்றினேன். உப்பு அரைத் தேக்கரண்டி. ஒரு பெரிய தேங்காய், முதல் பால் 250 மில்லி, பின் பால் தண்ணீர் சேர்த்து 800 மில்லி. குலா மலாக்கா 180 கிராம். தாதியக்கா சொன்னதை மனதில் வைத்து 200-லிருந்து குறைத்தேன், யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பாண்டான் இலை 2. உருண்டைகளைச் சுண்டைக்காய் அளவுக்குச் சின்னதாக உருட்டினேன், கொதிக்கிற பாலில் நான்கு பிடியாகப் போட்டேன். மிதந்து வரும்வரை கரண்டியைத் தொடவில்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

ஒன்றுகூடக் கரையவில்லை. நடுவிலும் மாவு இல்லை.

அண்ணன் முதல் கரண்டி வாயில் வைத்ததும் என்னைப் பார்த்து, "இலை கொஞ்சம் கூடிவிட்டது, அம்மா ஒன்றுதான் போடுவார்கள்" என்றார். குறை சொல்லுகிற அளவுக்கு அருகில் வந்துவிட்டதே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம் அவர் பழைய மாதிரி பேச ஆரம்பித்துவிட்டார். தோட்டத்து ஆற்றில் பிடித்த மீன், பால் நிறுக்கும் கொட்டகைப் பக்கம் பந்து விளையாடியது, எல்லாம். மதியம்வரை போகவில்லை.

இடதுபக்க வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் ஒவ்வொரு கிண்ணம் அனுப்பினேன். எதிர்வீட்டு அங்கிள் இப்போதுதான் கிண்ணத்தில் ஆறு முட்டையோடு வந்தார்.

பெரட்டுமணி | ஞாயிறு, பிற்பகல் 12.05

ரொம்ப சந்தோஷம் மகளே. 330 கிராம், 400 மில்லி. என் மருமகளிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அடுத்த வாரம் எங்கள் வீட்டில்.

அப்பச்சட்டி | ஞாயிறு, பிற்பகல் 3.40

அக்கா, படிக்கப் படிக்க நிறைந்துவிட்டது. இதோடு ஒன்று கேட்டுவிடுகிறேன். தீபாவளிக்கு அதிரசம் போட்டால் எண்ணெயில் பிரிந்து சிதறுகிறது. மூன்று வருடமாக இதே கதை.

நெய்யுருண்டை | ஞாயிறு, பிற்பகல் 3.58

பாகு இளசாக இருந்திருக்கும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பார், கையில் எடுத்தால் மெத்தென்ற உருண்டையாக நிற்க வேண்டும். கரைந்தால் இன்னும் காய்ச்சு, கல்லாகிவிட்டால் தாண்டிப்போய்விட்டது. மாவை எத்தனை நாள் வைத்திருந்தாய்? அதைச் சொல்லு, புது இழையில் பேசுவோம். இந்த இழை பால் கொழுக்கட்டைக்கே இருக்கட்டும்.